ஃபிரான்ஸ் ஹால்ஸின் வழியில் ஒரு முகம்: வாழ்க்கையும் செய்முறையும்

17-ஆம் நூற்றாண்டின் டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் வரைந்த படத்தின் மிக அருகில் போய் நின்றால் பிரஷ் போன தடங்கள்தான் கண்ணில் படும். வெள்ளையில் நாலு கீறல், சாம்பலில் ஒரு வளைவு, கன்னத்தில் குறுக்கே இழுத்த ஒரு சிவப்பு. சில எட்டு பின்னால் வந்ததும் அதே கீறல்கள் மணிக்கட்டு லேஸாகவும், பட்டு மடிப்பாகவும், இப்போதுதான் பேசி முடித்த ஒரு வாயாகவும் மாறிவிடும். 350 வருடங்களுக்கு முன் செத்துப்போன ஒரு பீர் வியாபாரி நம்மைப் பார்த்துச் சிரிப்பார்.

இதைப் பார்த்து மயங்கிய பலரும் முதல் நிமிடத்திலிருந்தே பிரஷ்ஷை வீசத் தொடங்குகிறார்கள். முகம் குழம்பிப் போகிறது. ஹால்ஸ் அந்த வரிசையில் வேலை செய்யவில்லை. அவருடைய துணிச்சலான தீற்றல்கள் பெரும்பாலும் கடைசியில் வருபவை. அவற்றுக்குக் கீழே நிதானமாக, மிருதுவாகக் கட்டிய ஒரு முகம் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய ஹௌப்ராக்கன் இதையே சொல்கிறார்: முதலில் வண்ணங்களை ஒன்றோடொன்று இழைத்து முகத்தை முடிப்பாராம், அப்புறம்தான் ‘இனி ஆசானின் கையை இதில் காட்ட வேண்டும்’ என்ற பொருளில் ஏதோ சொல்லிக்கொண்டே தீற்றல்களை வைப்பாராம். ஹௌப்ராக்கன் சொன்ன கதைகள் எல்லாவற்றையும் நான் நம்புவதில்லை. இதை நம்புகிறேன், ஏனென்றால் படங்களே அதற்குச் சாட்சி.

ஆள் யார்?

1582 அல்லது 1583-இல், இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆன்ட்வெர்ப்பில் பிறந்தவர். அப்பா துணித் தொழிலாளி. 1585-இல் ஸ்பானியப் படையிடம் ஆன்ட்வெர்ப் விழுந்தபின் ஏராளமான குடும்பங்கள் வடக்கே குடிபெயர்ந்தன. ஹால்ஸ் குடும்பம் டச்சு நகரமான ஹார்லெமுக்கு வந்து சேர்ந்தது. 1591-இல் தம்பி டிர்க்குக்கு அங்கேதான் ஞானஸ்நானம் நடந்தது. டிர்க்கும் பின்னாளில் ஓவியர் ஆனார். அதற்கப்புறம் ஹால்ஸின் வாழ்க்கை முழுக்க ஹார்லெமில்தான். 1616-இல் சில மாதங்கள் ஆன்ட்வெர்ப் போய் வந்தது தவிர, நெடும்பயணம் எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. இத்தாலிக்கும் போனவரில்லை.

குரு காரெல் ஃபான் மான்டர் என்று அக்காலத்துக் குறிப்பு ஒன்று சொல்கிறது. 1610-இல் ஹார்லெமின் புனித லூக்கா ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார். முதல் மனைவி 1615-இல் இறந்துவிட, 1617-இல் லீஸ்பெத் ரெய்னியர்ஸை மணந்தார். பெரிய குடும்பம். மகன்களில் பலர் ஓவியர்களாயினர்.

ஹார்லெம் அப்போது பீருக்கும் லினன் துணிக்கும் பேர்போன ஊர். கையில் காசு புழங்கிய வணிகர்களும் பீர் ஆலை முதலாளிகளும் பாதிரிமார்களும் தங்கள் முகத்தைச் சுவரில் மாட்ட விரும்பினார்கள். கல்யாணம் ஆனதும் கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என்று ஜோடிப் படம் வரைந்துகொள்வது வழக்கம். ஊர்க்காவல் படைகளின் அதிகாரிகள் விருந்து மேசையைச் சுற்றிக் கூட்டமாக உட்கார்ந்து வரையச் சொன்னார்கள். 1616-இல் புனித ஜார்ஜ் படை அதிகாரிகளை ஹால்ஸ் வரைந்தபோது, வரிசையாகத் தலைகளை அடுக்கும் பழைய பாணி உடைந்தது. யாரோ திரும்புகிறார், யாரோ கத்தியைக் கையில் எடுக்கிறார், கொடி குறுக்கே போகிறது. ஹால்ஸும் அந்தப் படையில் உறுப்பினர்தான். உள்ளிருந்து பார்த்தவர் என்பது தெரிகிறது.

அவர் வேலை செய்த விதத்தைப் பற்றி எனக்குப் பிடித்த ஆதாரம் ஒரு சண்டையிலிருந்து வருகிறது. 1633-இல் ஆம்ஸ்டர்டாம் ஊர்க்காவல் படை ஒன்று அவரிடம் பெரிய கூட்டுப்படம் ஒன்றைக் கேட்டது. ஹால்ஸ் பாதியில் நிறுத்திவிட்டார். ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து முடித்துத் தரும்படி அவர்கள் நோட்டரி மூலம் எழுதினார்கள். தலைக்கு 66 கில்டர் (அக்கால டச்சு நாணயம்) தருவதாகவும் சொன்னார்கள். ஹால்ஸின் பதில்: தலைகளை ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி ஹார்லெமில் முடிப்பதாகத்தான் பேச்சு, வேண்டுமானால் அவர்கள் இங்கே வரட்டும். யாரும் போகவில்லை. 1637-இல் பீட்டர் கோடே என்ற வேறொரு ஓவியர் மீதியை முடித்தார். இந்தப் பதிலைக் கவனியுங்கள். ஒரு தலையை ஓரிடத்தில் தொடங்கி இன்னோர் இடத்தில் முடிக்கலாம் என்று பேசுகிறவர், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் வரைந்து தள்ளுகிறவராக இருக்க முடியாது.

பணம் அவரிடம் தங்கவில்லை. 1654-இல் ஒரு பேக்கரிக்காரர் கடனுக்காக மெத்தைகள், அலமாரி, மேசை, ஐந்து படங்கள் ஆகியவற்றைப் பொறுப்பில் எடுத்தார். 1664-இல் நகராட்சி வருடத்துக்கு 200 கில்டர் உதவித்தொகை ஒதுக்கியது. அதே காலத்தில், எண்பதைத் தாண்டிய வயதில், முதியோர் இல்லத்தின் நிர்வாகிகளை இரண்டு பெரிய கூட்டுப்படங்களாக வரைந்தார். ஒன்றில் ஆண்கள், மற்றதில் பெண்கள். 1666 ஆகஸ்டில் இறந்தார். உடல் புனித பாவோ தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அந்த முதியோர் இல்லக் கட்டடம் 1913 முதல் ஃபிரான்ஸ் ஹால்ஸ் அருங்காட்சியகமாக இருக்கிறது.

குடிகாரர் என்று ஒரு பழங்கதை உண்டு. அதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. குடிப்பவர்களை அவ்வளவு உயிரோடு வரைந்ததால் வந்த பெயர் என்றே நினைக்கிறேன்.

பிரஷ்ஷைத் தொடுமுன் பார்க்க வேண்டியவை

நல்ல தெளிவுள்ள படங்களை அருங்காட்சியகங்களின் இணையதளங்களிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். இந்த மூன்றை மட்டும் பொறுமையாகப் பாருங்கள்.

லண்டன் வாலஸ் தொகுப்பில் இருக்கும் 1624-ஆம் ஆண்டுப் படம், ‘சிரிக்கும் வீரன்’ என்று பெயர் பெற்றது. உண்மையில் அவர் சிரிக்கவில்லை. வாயை மறைத்துப் பாருங்கள், பிறகு மீசையை மறைத்துப் பாருங்கள். மேல்நோக்கி முறுக்கிய மீசையும், சற்றே உயர்ந்த கன்னமும், நாம் அவரைக் கீழேயிருந்து பார்க்கும் கோணமும் சேர்ந்து செய்யும் வேலை அது. முகம் எவ்வளவு வழுவழுப்பாக இழைக்கப்பட்டிருக்கிறது, கை லேஸும் பூவேலையும் எவ்வளவு வெளிப்படையான தீற்றல் என்பதையும் ஒப்பிடுங்கள். ஒரே படத்தில் இரண்டு வேகம்.

அடுத்தது டொரான்டோவில் இருக்கும், ஐசக் மாசா என்பவரின் படம், 1626. நாற்காலியின் முதுகில் கையைப் போட்டு, உடம்பு ஒரு பக்கம் இருக்க, தலை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. யாரோ கூப்பிட்டதும் திரும்பியது போல. ஹால்ஸின் உயிர்ப்பில் பாதி இங்கேயே, பெயின்ட் தொடுவதற்கு முன்பே, உட்காரவைத்த விதத்திலேயே வந்துவிடுகிறது.

மூன்றாவது 1664-இன் பெண் நிர்வாகிகள். இதைக் கடைசியில் பாருங்கள்.

பொருட்கள்

40 × 50 செ.மீ. கான்வாஸ் போதும். பன்றிமயிர் பிரஷ்கள்தான் வேண்டும். மிருதுவான பிரஷ் ஈரப் பெயின்ட்டின் மேல் தடம் விடாது. தட்டையான பிரஷ்ஷில் மூன்று அளவு, உருண்டையானதில் இரண்டு, இழைப்பதற்கு மட்டும் மிருதுவானது ஒன்று.

ஹால்ஸின் பேலட், அதாவது அவர் பயன்படுத்திய வண்ணங்களின் தொகுப்பு, சிறியது. ஈய வெள்ளை, மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்), வெர்மிலியன் (பாதரசம் உள்ள சிவப்பு), ஒரு சிவப்புச் சாயக் கலவை, அம்பர் (மண் பழுப்பு), எலும்புக் கறுப்பு ஆகியவைதான் பெரும்பாலும். ஈயமும் பாதரசமும் விஷம். அதனால் ஈய வெள்ளைக்குப் பதில் டைட்டானியம் வெள்ளை, வெர்மிலியனுக்குப் பதில் காட்மியம் சிவப்பின் வெளிர் வகை, சிவப்புச் சாயத்துக்குப் பதில் அலிசரின் கிரிம்சன். ஐவரி பிளாக் என்று கடையில் விற்பது எலும்புக் கறுப்புதான். மஞ்சள் ஓக்கர், ரா அம்பர், பர்ன்ட் அம்பர் அப்படியே கிடைக்கும். நீலம் வாங்க வேண்டாம். கறுப்பும் வெள்ளையும் கலந்தால் வரும் சாம்பல், தோல் நிறத்துக்கும் ஓக்கருக்கும் பக்கத்தில் நீலமாகவே தெரியும். இதை ஒருமுறை கண்ணால் கண்டபின் பேலட்டில் பாதி ட்யூப்களை எடுத்து வைத்துவிடலாம் என்று தோன்றும்.

லின்சீட் ஆயில், டர்பன்டைன், துடைக்கப் பழைய துணி. டர்பன்டைன் திறந்திருக்கும்போது ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

படி 1: அடித்தளம்

வெள்ளைக் கான்வாஸில் நேரடியாகத் தொடங்க வேண்டாம். ஹால்ஸின் அடித்தளங்கள் பெரும்பாலும் வெளிர்நிறம், அதில் மண்நிறம் கொஞ்சம் கலந்து இளஞ்சூடாக, அதாவது மஞ்சள்-பழுப்புச் சாயலோடு இருக்கும். வெள்ளையில் கொஞ்சம் ஓக்கர், அதைவிடக் குறைவாக பர்ன்ட் அம்பர், துளி கறுப்பு. காய்ந்த மணல் நிறத்துக்கு வந்தால் சரி. அக்ரிலிக்கில் பூசினால் அன்றே காயும். எண்ணெயில் பூசினால் சில நாள் விட வேண்டும்.

படி 2: உட்காரவைத்தல்

ஒளி இடப்பக்கம் மேலேயிருந்து, ஒரே ஜன்னலிலிருந்து வரட்டும். டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள், அது நிழல்களைத் தின்றுவிடும். உட்காருபவரின் தோள் ஒரு பக்கம், முகம் இன்னொரு பக்கம், பார்வை உங்கள்மேல். ஒரு முழங்கை கான்வாஸை நோக்கி நீட்டியிருந்தால் இன்னும் நல்லது. பேச்சுக்கொடுத்துக்கொண்டே வரையுங்கள். போட்டோவுக்கு நிற்பது போல உறைந்த முகத்தில் ஹால்ஸ் முறை வேலை செய்யாது.

படி 3: பிரஷ்ஷாலேயே கோடு

ஹால்ஸ் கையால் வரைந்த பென்சில், சுண்ணக்கோட்டு ஓவியம் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது எதுவும் மிஞ்சவில்லை. அவர் நேராகக் கான்வாஸில் பிரஷ்ஷால் தொடங்கியிருக்கிறார். நீங்களும் டர்பன்டைனில் கரைத்த அம்பரால் தலையின் சாய்வு, கண்கோடு, மூக்கின் அடி, வாய்க்கோடு, தோள் ஆகியவற்றைக் குறியுங்கள். உள்விவரம் வேண்டாம். சாய்வு தவறினால் துணியால் துடைத்து மறுபடி போடுங்கள். இந்தக் கட்டத்தில் கஞ்சத்தனம் கூடாது. பின்னால் எந்தத் தீற்றலும் தவறான சாய்வைக் காப்பாற்றாது.

கோடு நின்றதும் நிழல் பகுதிகளை அதே அம்பரால் மெல்லிசாக நிரப்பி, ஆடையை நடுத்தரச் சாம்பலால் மூடிவிடுங்கள். ஒரு நாள், இரண்டு நாள் காயட்டும். அம்பர் சீக்கிரம் காயும்.

படி 4: முகத்தை இழைத்தல்

நேரத்தை அதிகம் கொடுக்க வேண்டிய இடம் இதுதான். மூன்று குவியல் கலந்துகொள்ளுங்கள். நடு நிறத்துக்கு வெள்ளை, ஓக்கர், சிறிது சிவப்பு. ஒளிக்கு அதிலேயே வெள்ளை கூடுதல், சிவப்பு குறைவு. நிழலுக்கு நடு நிறத்தில் அம்பரும் துளி அலிசரினும். மாநிறமோ கறுப்போ ஆன முகத்தை வரைகிறீர்கள் என்றால் நடு நிறத்தில் வெள்ளையைக் குறைத்து ஓக்கரையும் பர்ன்ட் அம்பரையும் கூட்டுங்கள். அத்தகைய தோலில் நெற்றியிலும் மூக்கிலும் விழும் ஒளி சற்றுச் சாம்பல் சார்ந்து குளிர்ச்சியாக இருக்கும். அதைக் கவனித்துக் கலக்க வேண்டும்.

முதலில் நடு நிறத்தை முகம் முழுக்க, நிழல் விளிம்புவரை பூசுங்கள். ஈரமாக இருக்கும்போதே நிழலை ஒரு பக்கமும் ஒளியை மறுபக்கமும் வைத்து, சந்திக்கும் இடத்தை மிருதுவான பிரஷ்ஷால் லேசாக இழையுங்கள். கன்னத்திலும் மூக்கு நுனியிலும் காதிலும் சிவப்பு கொஞ்சம் கூடும். தாடைப் பக்கம் சாம்பல் கூடும். முக்கால்வாசி முடிந்த, அமைதியான, கொஞ்சம் சலிப்பூட்டும் ஒரு முகம் வர வேண்டும். சலிப்பூட்டுகிறதே என்று இங்கே பொறுமை இழக்காதீர்கள். நிறங்களின் கருமையும் வெளுப்பும் சரியாக இருக்கிறதா என்று கண்ணைச் சுருக்கியும் கண்ணாடியில் திருப்பியும் பாருங்கள்.

சிரிப்பு வேண்டும் என்றால் அதையும் இங்கேயே கட்ட வேண்டும், வாயில் மட்டும் வைக்க முடியாது. சிரிக்கும்போது கன்னம் மேலே ஏறும், கீழ் இமையைத் தள்ளும், கண் சிறுக்கும். மூக்கின் பக்கமிருந்து இறங்கும் மடிப்பு ஆழமாகும். பல்லை எண்ணி எண்ணி வரைந்தால் முகம் இளிக்கும். ஹால்ஸ் பற்களை ஒரு மங்கலான வெளுப்பாக விட்டுவிடுவார். உதட்டின் ஓரங்களில் கோடு போட்டு மூடாமல், மெத்தென்ற நிழலாகக் கரையவிடுவார். பாரிஸ் லூவ்ரில் உள்ள ஜிப்சிப் பெண் படத்தில் இது அழகாகத் தெரியும்.

படி 5: கறுப்பு

ஹால்ஸை நேசிப்பவர்கள் கடைசியில் வந்து நிற்பது அவருடைய கறுப்பில்தான். 1885-இல் ஆம்ஸ்டர்டாமில் அவர் படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிய வான்கோ, ஹால்ஸிடம் 27 கறுப்புகள் இருப்பதாகத் தம்பிக்கு எழுதினார். ஹார்லெமின் செல்வந்தர்கள் கறுப்பு உடுத்தினார்கள். ஆழமான கறுப்புச் சாயம் விலை கூடியது. அதனால் பட்டுக் கறுப்பு, கம்பளிக் கறுப்பு, வெல்வெட் கறுப்பு எல்லாம் வேறு வேறாகத் தெரிந்தாக வேண்டும்.

செய்யும் விதம்: காய்ந்த சாம்பல் பூச்சின்மேல் ஐவரி பிளாக்கும் பர்ன்ட் அம்பரும் கலந்த, முழுக் கறுப்புக்கு ஒரு படி குறைந்த கலவையைப் பூசுங்கள். அதன்மேல் ஈரத்தில் சாம்பல் ஒளிகள். பட்டுக்கு ஒளி கூர்மையாக, விளிம்பு உடைந்து, கோணலாக வரும். கம்பளிக்கு ஒளி அகலமாக மங்கலாக வரும். கடைசியில் கலப்படமில்லாத கறுப்பால் மிக ஆழமான மடிப்புகளை மட்டும் வெட்டுங்கள். முழுக் கறுப்பை முதலிலேயே பூசிவிட்டால் அதற்குக் கீழே போக இடமிருக்காது. ஐவரி பிளாக் மெதுவாகக் காயும் என்பதால் எண்ணெயைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டாம்.

படி 6: காலரும் லேஸும்

வெள்ளைக் காலரை வெள்ளையால் வரையாதீர்கள். நிழல் சாம்பல், நடுச் சாம்பல், இளஞ்சூடான வெளுப்பு என்று வைத்துவிட்டு, கெட்டி வெள்ளையை ஒளி நேராக விழும் மடிப்பு முனைகளில் மட்டும் தொடுங்கள். லேஸுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. நூல் நூலாக இழுப்பதை விட்டு, வெளிர்சாம்பலை மொத்தமாகப் பூசி, ஓட்டைகளைக் கறுப்புப் புள்ளிகளாக அதன்மேல் வையுங்கள். பிறகு அங்கங்கே ஒரு கெட்டி வெள்ளைச் சொட்டு. ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வைத்தால் ஜல்லடையாகிவிடும்.

படி 7: ஆசானின் கை

இப்போது முகத்துக்குத் திரும்புங்கள். பெயின்ட் இன்னும் ஈரமாக இருக்கும் அதே நாளிலோ மறுநாளோ இதைச் செய்ய வேண்டும். பிரஷ்ஷின் கடைக்கோடியைப் பிடியுங்கள், கை நீண்டிருக்கட்டும். பெயின்ட் வெண்ணெய்ப் பதத்தில், எண்ணெய் சேராமல் இருக்கட்டும்.

ஒவ்வொரு தீற்றலுக்கும் முன் பின்னால் போய் நின்று, எங்கே, எந்த நிறம், எந்தத் திசை என்று முடிவுசெய்துவிட்டு வாருங்கள். வைத்ததும் கையை எடுத்துவிடுங்கள். இரண்டாம் முறை தடவினால் கீழே உள்ள ஈரம் கலந்து சேறாகும். தவறிய தீற்றலைத் திருத்தப் பார்க்காமல் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள்.

திசைதான் இங்கே ரகசியம். கன்னம் உருண்டை என்பதால் உருண்டையாகவே பிரஷ்ஷை ஓட்டத் தோன்றும். ஹால்ஸ் பல இடங்களில் வளைவுக்குக் குறுக்கே, சாய்வாக, ஒன்றுக்கொன்று இணையாகக் கோணல் தீற்றல்கள் வைக்கிறார். கீழே இழைத்த முகம் உருண்டையை ஏற்கெனவே சொல்லிவிட்டது. மேலே வரும் தீற்றலுக்கு அந்தக் கடமை கிடையாது, அது ஒளியின் துடிப்பைச் சொன்னால் போதும். நான்காம் படியில் பொறுமை காத்தவர்களுக்குத்தான் இந்தச் சுதந்திரம்.

வைக்க வேண்டிய இடங்கள்: நெற்றியில் ஒளி விழும் மேடு, மூக்குத் தண்டின் ஓரமும் நுனியும், கன்னத்தின் மேல்விளிம்பில் ஒரு சிவப்பு, கீழ் உதட்டின் ஈரம், மூக்குத் துளையில் கறுஞ்சிவப்பு, மேல் இமையின் நிழல். கண்மணியின் வெள்ளைப் புள்ளி கடைசி. இரண்டு கண்ணிலும் ஒரே அளவில் வைக்காதீர்கள், நிழல் பக்கக் கண்ணில் மங்கலாகவோ வைக்காமலோ விடலாம்.

கைகளுக்கும் இதே விதி, ஆனால் இன்னும் குறைவான தீற்றல்கள். விரல்களைத் தனித்தனியாக வரையாமல் ஒரு கொத்தாக நடு நிறத்தில் வைத்து, முட்டிகளில் ஒளியும் இடுக்குகளில் நிழலும் போட்டால் போதும்.

எப்போது நிறுத்துவது? வைப்பதற்கு முன் காரணம் சொல்ல முடியாத தீற்றல் வரும்போது நிறுத்திவிடுங்கள். ஹால்ஸின் ஹார்லெமிலேயே வாழ்ந்த யூடித் லெய்ஸ்டர் இந்தக் கையை அவ்வளவு நன்றாக உள்வாங்கியிருந்தார். அவருடைய படங்கள் நெடுங்காலம் ஹால்ஸ் பெயரிலேயே விற்கப்பட்டன. 1893-இல்தான் அவருடைய கையெழுத்து அடையாளம் காணப்பட்டது. தீற்றலைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதற்கு அவரைவிட நல்ல ஆதாரம் தேவையில்லை.

வார்னிஷ் பூச ஆறு மாதமாவது பொறுங்கள், கெட்டியாகப் பூசிய இடங்கள் இருந்தால் ஒரு வருடம்.

அடுத்து எதைப் பார்த்து வரைவது

முதல் படம் முடிந்ததும் ஐசக் மாசாவின் தலையை மட்டும் பிரதி எடுங்கள். பிறகு பெர்லினில் உள்ள ‘மல்லே பாப்பே’ என்ற பெண்ணின் படம், 1630-களில் வரைந்தது. அதை 1869-இல் பிரெஞ்சு ஓவியர் கூர்பேயே பிரதி எடுத்திருக்கிறார். கடைசியாக 1664-இன் பெண் நிர்வாகிகளுக்கு வாருங்கள். அங்கே முகங்களில்கூட இழைப்பு மிகக் குறைந்துவிட்டது, கைகள் நாலைந்து தீற்றலில் நிற்கின்றன. ஐம்பது வருடத்துக்கும் மேலாக நான்காம் படியைச் செய்தவரின் கை அது. வலது ஓரத்தில் நிற்கும் பணிப்பெண்ணின் முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அந்தப் படத்தில் தொடங்குவதற்கு அதுதான் எளிது.